செல்லைச் சாகச் சொல்லும் ஏற்பிகள்: மண்டபம் கரையில் என்னிடம் கேட்ட கேள்விகள்

இராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லித்தருகிறேன். வீடு மண்டபம் பக்கம், கடலுக்கு நடந்து போகிற தூரம். இதை எழுத வைத்தவர் அடுத்த தெரு அக்கா ஒருவர். அவர் மகனுக்கு முதுகுத்தண்டு விறைத்துப்போகும் வாத நோய். காலையில் எழுந்து குனிந்து வலையைத் தூக்க முடியவில்லை. மதுரையில் ஒரு டாக்டர் விலை கூடிய ஊசி ஒன்றை எழுதிக்கொடுத்துவிட்டு, முதலில் டிபி இருக்கிறதா என்று பார்த்து வரச் சொல்லி அனுப்பியிருக்கிறார். "முதுகு வலின்னு போனா நெஞ்சைப் படம் எடுக்கச் சொல்றாங்களே தம்பி, வேற எதையும் மறைக்கிறாங்களா?" என்று அக்கா கேட்டார். அதற்குப் பதில் சொல்லப் போய், ஒரு செல் எப்படிச் சாகிறது என்பதில் வந்து நின்றது பேச்சு. அப்புறம் மாணவர்கள் கேட்டது, டீக்கடையில் கேட்டது என்று கேள்விகள் சேர்ந்துவிட்டன. நான் வைத்தியர் இல்லை. எந்த மருந்து, எப்போது என்பதையெல்லாம் உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

செல் சாகிறது என்றாலே நோய்தானே?

இல்லை. வளர்ந்த ஒரு மனித உடம்பில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 5,000 கோடி முதல் 7,000 கோடி செல்கள் ஒழுங்காகச் செத்துப்போகின்றன. நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. கருவில் கை முதலில் துடுப்பு மாதிரிதான் இருக்கும். இடையில் உள்ள செல்கள் செத்து விலகிய பிறகுதான் விரல் விரலாகப் பிரிகிறது.

சாவதில் இரண்டு விதம் உண்டு. ஓட்டை விழுந்த பழைய வத்தையைக் கரையில் ஏற்றிப் பலகை பலகையாகப் பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆணி தனியாகப் போகும், நல்ல பலகை இன்னொரு வேலைக்குப் போகும், மிச்சம் அடுப்புக்கு. பக்கத்தில் நிற்கிற படகில் ஒரு கீறல் விழாது. அதே வத்தை தீப்பிடித்து டீசல் கேன் வெடித்தால் பக்கத்துப் படகும் சேர்ந்து எரியும். முதல் விதத்துக்கு அப்போப்டோசிஸ் என்று பெயர், திட்டமிட்ட செல் இறப்பு. இரண்டாவது நசிவு. கடலில் சொறி (ஜெல்லிமீன்) பட்டுத் தோல் கன்றிப்போகிறதே, அது பெரும்பாலும் இரண்டாவது விதம்: சொறியின் நஞ்சு செல்லின் சவ்வில் ஓட்டை போடுகிறது, உள்ளே இருப்பது வெளியே கொட்டுகிறது, இடம் சிவந்து வீங்குகிறது.

1972-இல் கெர், வில்லி, கரி என்ற மூன்று பேர் வைத்த பெயர் அப்போப்டோசிஸ். கிரேக்க மொழியில் மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் சொல். காவோலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்தது என்று ஒரு பழமொழி சொல்வோமே, அந்தக் காவோலைதான் எனக்கு நினைவுக்கு வரும். பனைக்கு அது நோய் இல்லை.

அப்படியானால் 'மரண ஏற்பி' என்பது எது?

செல்லின் மேல்தோல் ஒரு சவ்வு. அதில் குறுக்கே செருகிய மாதிரி ஆயிரக்கணக்கான புரதங்கள் இருக்கின்றன. ஒரு முனை வெளியே, ஒரு முனை உள்ளே. வெளியே வரும் செய்தியைப் பிடித்து உள்ளே சொல்வது அவற்றின் வேலை. அதனால் ஏற்பி. அவற்றில் ஒரு சிறு குடும்பத்துக்கு, உள்முனையில் சுமார் 80 அமினோ அமிலம் நீளமுள்ள ஒரு பகுதி பொதுவாக இருக்கிறது. அதற்கு 'இறப்புக் களம்' என்று பெயர். அது உள்ளவை மரண ஏற்பிகள். ஃபாஸ், டி.என்.எஃப் ஏற்பி-1, டி.ஆர்-3, டி.ஆர்-4, டி.ஆர்-5, டி.ஆர்-6 ஆகியவை முக்கியமானவை. இவற்றில் டி.ஆர்-4, டி.ஆர்-5 இரண்டும் டிரெய்ல் என்ற புரதத்தைப் பிடிப்பவை.

என்னைக் கேட்டால் அந்தப் பெயரே பாதி தப்பு. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுகிறார்கள். கூண்டு யாரையும் மூழ்கடிப்பதில்லை. அதைப் பார்த்து ஒருவர் படகை ஏற்றிக் கட்டுவார், ஒருவர் 'இன்னும் நேரம் இருக்கு' என்று வலையை எடுக்கப் போவார். எந்த எண், என்ன படகு, அப்போது ஆள் எங்கே இருக்கிறார் என்பதைப் பொறுத்தது அது. மரண ஏற்பியும் கூண்டைப் பார்க்கிற கண்தான். சாவு என்பது அது கொடுக்கக்கூடிய பதில்களில் ஒன்று. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்தால் கீழே வருகிற நோய்கள் எல்லாம் எளிதாகப் புரியும்.

யார் கண்டுபிடித்தது?

பலர். 1890-களில் நியூயார்க் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி புற்றுநோயாளிகளுக்குப் பாக்டீரியாவை ஊசியாகப் போட்டுப் பார்த்தார். சிலருக்குக் கட்டி கரைந்தது. ஏன் என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1975-இல் லாயிட் ஓல்டின் குழு, அப்படிக் கட்டியைக் கருக்கும் ஒரு பொருளை எலியின் சீரத்தில் கண்டு, 'கட்டி நசிவுக் காரணி' என்று பெயர் வைத்தது. அதன் சுருக்கம்தான் டி.என்.எஃப். 1989-இல் ஜப்பானில் யோனெஹாராவும், ஜெர்மனியில் கிராமரின் குழுவும் தனித்தனியாக ஒரு விசித்திரத்தைப் பார்த்தார்கள்: செல்லின் மேற்புறத்தில் ஒட்டும் ஓர் எதிர்ப்பொருளைச் சேர்த்தால் போதும், செல் தானாகச் சாகிறது. ஒருவர் ஃபாஸ் என்றார், மற்றவர் ஏபிஓ-1 என்றார், இரண்டும் ஒன்றே. ஷிகேகசு நகாதா 1991-இல் ஃபாஸின் மரபணுவையும் 1993-இல் அதைத் தட்டும் புரதத்தையும் பிரித்தெடுத்தார்.

வெளியே தட்டினால் உள்ளே எப்படிச் சாவு வருகிறது?

இதைத்தான் வகுப்பில் அதிகம் கேட்கிறார்கள். ஃபாஸை எடுத்துக்கொள்வோம்.

தட்டும் புரதத்துக்கு ஃபாஸ் லிகண்ட் என்று பெயர். பெரும்பாலும் அது வெள்ளணுவில் ஒரு வகையான டி செல்லின் மேல் இருக்கும். தனியாக வராது, மூன்று மூன்றாகச் சேர்ந்து ஒரு கொத்தாக வரும். அது வந்து ஒட்டும்போது செல்லின் மேல் உள்ள ஃபாஸ் ஏற்பிகளும் சேர்ந்து நிற்க வேண்டியிருக்கிறது. மூன்று கல் வைத்தால்தானே அடுப்பு? ஒரு கல்லில் பானை நிற்காது. அடுப்புகள் பல நெருங்கிச் சேரும்போதுதான் செய்தி பலமாகப் போகிறது.

வெளியே ஏற்பிகள் நெருங்கினால் உள்ளே இறப்புக் களங்களும் நெருங்கும். அவற்றோடு ஃபேட் என்ற இடைத்தரகர் புரதம் வந்து ஒட்டும். இடைத்தரகர் என்று சொல்லக் காரணம் உண்டு: அதன் ஒரு கை ஏற்பியைப் பிடிக்கும், இன்னொரு கை காஸ்பேஸ்-8 என்ற கத்தரியைப் பிடிக்கும். இந்தக் கத்தரி எப்போதும் செல்லுக்குள் இருப்பதுதான், ஆனால் உறையில் போட்டு வைத்த மாதிரி. தனித்தனியாக மிதக்கும்வரை ஒன்றும் செய்யாது. பல கத்தரிகள் ஒரே இடத்தில் நெருங்கும்போது ஒன்றையொன்று உசுப்பி உறையை வெட்டிக்கொள்கின்றன. நெருக்கம்தான் சாவி, புதிதாக எதையும் தயாரிக்க வேண்டியதில்லை. அதனால்தான் சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

விழித்துக்கொண்ட காஸ்பேஸ்-8 அடுத்து காஸ்பேஸ்-3-ஐ வெட்டி விடுகிறது. இதுதான் பலகை பிரிக்கிற ஆசாரி. செல்லுக்குள் நூற்றுக்கணக்கான புரதங்களைக் குறிப்பிட்ட இடத்தில் மட்டும் வெட்டும். டி.என்.ஏ-வை நறுக்கும் ஒரு நொதியை ஒரு காவல் புரதம் கட்டிப்போட்டு வைத்திருக்கும். காஸ்பேஸ்-3 அந்தக் காவலை வெட்டும். நொதி செல்லின் உட்கருவுக்குள் போய் டி.என்.ஏ-வை ஏறத்தாழ 180 எழுத்துக்கு ஒருமுறை நறுக்கும். ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால் ஏணிப்படி மாதிரி தெரியும். முதன்முதலில் அந்த ஏணியைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. தாறுமாறாக அழிந்த எதுவும் இப்படி ஒரே அளவில் துண்டு விழாது.

கடைசியாக, சவ்வின் உள்பக்கம் மட்டுமே இருக்க வேண்டிய பாஸ்பாடிடைல்செரின் என்ற கொழுப்பு வெளிப்பக்கம் திரும்புகிறது. 'என்னைத் தின்னு' என்பதற்கான அடையாளம் அது. மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் வெள்ளணு வந்து விழுங்கிவிடும். வீக்கம் இல்லை, சீழ் இல்லை.

இதற்கு ஒரு கடிவாளமும் உண்டு. ஃபிளிப் என்ற புரதம் காஸ்பேஸ்-8 மாதிரியே இருக்கும், ஆனால் அதில் வெட்டும் முனை கிடையாது. அது நிறைய இருந்தால் கத்தரியின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பல புற்றுநோய்ச் செல்கள் இதைத்தான் கூட்டி வைத்துக்கொள்கின்றன.

எல்லாச் செல்லும் ஒரே வழியில்தான் சாகுமா?

இல்லை. சில வெள்ளணுக்களில் மேலே சொன்ன நேர்வழியே போதும். கல்லீரல் செல்லில் போதாது. அங்கே காஸ்பேஸ்-8, பிட் என்ற புரதத்தை வெட்டும். வெட்டுப்பட்ட பிட் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய் அதில் துளை விழ வைக்கும். அதிலிருந்து சைட்டோகுரோம் சி என்ற புரதம் கசிந்து இன்னொரு கத்தரிக் கூட்டத்தை எழுப்பும். சுற்றுவழிதான், ஆனால் மோசமான சுற்றுவழி. 1993-இல் நகாதாவின் குழு எலிகளுக்கு ஃபாஸைத் தட்டும் எதிர்ப்பொருளை ஊசியாகப் போட்டபோது, அவை சில மணி நேரத்தில் கல்லீரல் சிதைந்து இறந்தன. ஃபாஸைத் தட்டிப் புற்றுநோயை ஒழிக்கலாம் என்று கிளம்பியவர்களின் ஆசையில் அன்றைக்கே மண் விழுந்தது.

டி.என்.எஃப் செல்லைக் கொல்லுமா, காப்பாற்றுமா?

பெயரைப் பார்த்தால் கொலைகாரன். ஆனால் லேப்பில் ஒரு தட்டில் வளரும் செல்கள் மேல் டி.என்.எஃப்-ஐ மட்டும் ஊற்றினால் பெரும்பாலானவை சாகாது. புரதம் தயாரிப்பதை நிறுத்தும் மருந்தையும் சேர்த்து ஊற்றினால்தான் சாகும். இதன் பொருள் என்ன? டி.என்.எஃப் வந்து தட்டியதும் செல் முதலில் செய்வது உயிர்காக்கும் புரதங்களைத் தயாரிப்பது.

டி.என்.எஃப் ஏற்பி-1-இன் உள்முனையில் ட்ராட், ரிப்-1 என்று சில புரதங்கள் கூடுகின்றன. அவற்றின் மேல் யுபிக்விட்டின் என்ற சிறு புரதங்கள் சங்கிலி சங்கிலியாகக் கோக்கப்படுகின்றன. அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு என்.எஃப்-கப்பா-பி என்ற மேலாளர் எழுந்து உட்கருவுக்குப் போய், 'ஃபிளிப்பைத் தயாரி, வீக்கத்துக்கான செய்தியை வெளியே அனுப்பு' என்று உத்தரவு போடுகிறார். செல் பிழைக்கிறது, அக்கம்பக்கம் உஷாராகிறது.

இந்த ஏற்பாடு எங்காவது அறுந்தால் அந்தக் கூட்டமே ஏற்பியை விட்டு இறங்கி, உள்ளே ஃபேட்-ஐயும் காஸ்பேஸ்-8-ஐயும் சேர்த்துக்கொண்டு சாவுக் கூட்டமாக மாறும். காஸ்பேஸ்-8-ம் வேலை செய்யவில்லை என்றால்? அப்போது ரிப்-1, ரிப்-3 இரண்டும் கைகோத்து எம்.எல்.கே.எல் என்ற புரதத்தை ஏவிவிடும். அது சவ்வைக் கிழிக்கும். இதுவும் திட்டமிட்டதுதான், ஆனால் செல் வெடித்தே சாகும். நெக்ரோப்டோசிஸ் என்று 2005-இல் பெயர் வந்தது. வைரஸ் ஒன்று காஸ்பேஸை முடக்கிவிட்டால், 'சரி, வெடித்தாவது ஊரைக் கூட்டுகிறேன்' என்று செல் எடுக்கிற மாற்று வழி என்று இதைப் பார்க்கலாம்.

இதில் எனக்குப் பிடித்த சோதனை ஒன்று. காஸ்பேஸ்-8 இல்லாத எலிக்குட்டி கருவிலேயே இறந்துவிடும். கொலைக் கத்தரியை எடுத்துவிட்டால் எலி ஏன் சாக வேண்டும்? 2011-இல் விடை வந்தது: ரிப்-3-ஐயும் சேர்த்து எடுத்துவிட்டால் குட்டி பிழைத்துப் பிறக்கிறது. அதாவது காஸ்பேஸ்-8-இன் அன்றாட வேலைகளில் ஒன்று, அந்த வெடிப்பை அடக்கி வைப்பது.

சரி, முதுகு வலி ஊசிக்கும் டிபிக்கும் என்ன சம்பந்தம்?

அக்காவின் கேள்விக்கு வந்துவிட்டோம். அந்த ஊசி டி.என்.எஃப்-ஐப் பிடித்து மடக்குவது. இன்ஃபிளிக்சிமாப், அடாலிமுமாப் போன்றவை டி.என்.எஃப் மேல் ஒட்டும் எதிர்ப்பொருள்கள். எட்டானர்செப்ட் இன்னும் சுவாரசியம்: டி.என்.எஃப் ஏற்பியின் வெளித்துண்டையே மருந்தாக்கி இரத்தத்தில் மிதக்க விடுகிறார்கள். போலி வாசலைத் தட்டிவிட்டு டி.என்.எஃப் ஏமாந்து போகும். இந்த வாத நோயில் வீக்கச் செய்தி ஓயாமல் வந்துகொண்டே இருப்பதுதான் வலிக்குக் காரணம். செய்தியை நிறுத்தினால் பலருக்கு முதுகு இளகுகிறது.

ஆனால் அதே டி.என்.எஃப் வேறோர் இடத்தில் காவல் நிற்கிறது. டிபி கிருமி உடம்புக்குள் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. மேக்ரோஃபேஜ்கள் கிருமியைச் சுற்றி ஒரு கோட்டை கட்டி உள்ளே அடைத்து வைத்துவிடும். அந்தக் கோட்டை கலையாமல் இருக்க டி.என்.எஃப் வேண்டும். ஊசி போட்டு அதை எடுத்துவிட்டால் பல ஆண்டுகளாக அடைந்து கிடந்த கிருமி வெளியே வரலாம். இன்ஃபிளிக்சிமாப் போட்டுக்கொண்ட 70 பேருக்கு டிபி வந்த விவரம் 2001-இல் வெளியானது. அதன் பிறகுதான் உலகம் முழுக்க இந்தப் பரிசோதனை வழக்கமானது. டிபி பரவலாக உள்ள நம் நாட்டில் இதை விடவே கூடாது. நெஞ்சுப் படம், கையில் போடும் தோல் ஊசி அல்லது இக்ரா என்ற இரத்தச் சோதனை, இவ்வளவுதான். அடைந்து கிடக்கும் கிருமி இருப்பதாகத் தெரிந்தால் முதலில் தடுப்பு மாத்திரை தொடங்குவார்கள். வழக்கமாகக் குறைந்தது ஒரு மாதமாவது அது போன பிறகே இந்த ஊசி.

குறைந்தால்தான் ஆபத்து என்றும் இல்லை. லலிதா ராமகிருஷ்ணனின் குழு வரிக்குதிரை மீன்களில், டிபி கிருமிக்கு நெருங்கிய உறவான ஒரு கிருமியை விட்டுப் பார்த்தது. டி.என்.எஃப் குறைந்தாலும் மேக்ரோஃபேஜ் சாகிறது, அளவு மீறினாலும் சாகிறது. மீறும்போது நடப்பது மேலே சொன்ன ரிப் வழிச் சாவு. இரண்டிலும் கிருமிக்குத்தான் கொண்டாட்டம். 2013-இல் வந்த ஆய்வு இது.

அக்கா மகனுக்கு இக்ரா பாசிட்டிவ் வந்தது. டாக்டர் எதையும் மறைக்கவில்லை. அவசரத்தில் விளக்கம் சொல்லவில்லை, அவ்வளவுதான். அக்கா மகன் மாத்திரையை முடித்து இப்போது ஊசியும் போட்டுக்கொள்கிறார்.

எல்லா மரண ஏற்பியும் கொல்லத்தானா?

குடும்பத்தில் எடார் என்று ஒன்று உண்டு. உள்முனையில் இறப்புக் களம் இருக்கிறது, ஆனால் அதன் முக்கிய வேலை கருவில் பல், முடி, வியர்வைச் சுரப்பி உருவாக்குவது. அதிலோ, அதைத் தட்டும் புரதத்திலோ பழுது இருந்தால் குழந்தைக்கு வியர்க்காது, பல் குறைவாக இருக்கும். சித்திரை மாத வெயிலில் காரணம் தெரியாத காய்ச்சல் அடிக்கடி வரும் குழந்தைக்குப் பல்லும் முடியும் குறைவாக இருந்தால் குழந்தை மருத்துவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

மஞ்சள் காமாலையில் கல்லீரலைத் தின்பது வைரஸ்தானே?

ஹெபடைடிஸ் பி-யில் பெரும்பாலும் இல்லை. அந்த வைரஸ் தான் குடியிருக்கும் செல்லைக் கொல்வதில் அவசரம் காட்டாது. வைரஸ் புகுந்த செல்லை அடையாளம் கண்டு கொல்வது நம்முடைய டி செல்தான். ஃபாஸ் லிகண்டால் தட்டியும் கொல்லும், துளை போட்டு நொதியைச் செலுத்தியும் கொல்லும். சிலருக்கு எதிர்ப்பு அடக்கமாக இருந்து வைரஸ் காலமெல்லாம் தங்கிவிடுகிறது. சிலருக்கு எதிர்ப்பு வெறிகொண்டு கல்லீரலையே சாய்த்துவிடுகிறது. இரத்தச் சோதனைச் சீட்டில் எஸ்.ஜி.பி.டி என்று ஏறி நிற்கும் எண், செத்த, அடிபட்ட கல்லீரல் செல்களிலிருந்து கசிந்தது.

கீழாநெல்லி போதாதா என்று அடுத்த கேள்வி உடனே வரும். 1988-இல் சென்னையில் எஸ்.பி. தியாகராஜன், நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க் ஆகியோர் சேர்ந்து செய்த ஆய்வில், கீழாநெல்லிப் பொடி கொடுத்த 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேலுறைப் புரதம் இரத்தத்தில் காணாமல் போனது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு பல இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. ஆகவே கீழாநெல்லியை நம்பி டாக்டரைத் தள்ளிப்போடாதீர்கள். பிறந்த குழந்தைக்குப் போடும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள்.

சாக வேண்டிய செல் சாகாவிட்டால்?

சளி, காய்ச்சல் வரும்போது கழுத்தில் நெறி கட்டுமே, அது டி செல்களும் பி செல்களும் பெருகுவதால். சண்டை முடிந்ததும் அவை செத்துக் குறைய வேண்டும். ஃபாஸ் மரபணுவில் பழுதோடு பிறந்த குழந்தைகளுக்கு அந்தக் குறைவு சரியாக நடக்காது. நெறி வற்றவே வற்றாது, மண்ணீரல் வீங்கும், ஓயாத படை சொந்த இரத்த அணுக்களையே தாக்கும். ஆல்ப்ஸ் என்று சுருக்கப் பெயர். 1995-இல்தான் காரணம் ஃபாஸ் என்று தெரிந்தது. அரிதான நோய், ஆனால் எலியில் இதே பழுது முன்பே தெரிந்திருந்ததால் வேகமாகப் பிடிபட்டது.

புற்றுநோய் இதையே தந்திரமாகச் செய்கிறது. ஃபாஸை மேற்பரப்பிலிருந்து குறைத்துக்கொள்ளும், ஃபிளிப்பைக் கூட்டும், சில கட்டிகள் போலி ஏற்பியை வெளியே சுரந்து லிகண்டை வழியிலேயே மடக்கும். டிரெய்ல் புரதம் ஆரோக்கியமான செல்களை விட்டுவிட்டுப் பல புற்றுச் செல்களை மட்டும் கொல்கிறது என்று 1990-களில் தெரிந்தபோது பெரிய எதிர்பார்ப்பு எழுந்தது. மனிதர்களிடம் சோதித்தபோது ஏமாற்றம்தான். உடம்பில் வெகுநேரம் தங்கவில்லை, ஏற்பிகளைப் போதுமான அளவு கொத்தாகச் சேர்க்கவில்லை, பல கட்டிகள் ஏற்கெனவே காதைப் பொத்திக்கொண்டிருந்தன. மூன்று கல் இருந்தும் அடுப்பு எரியவில்லை என்று மாணவர்களிடம் சொல்வேன்.

மஞ்சள் சாப்பிட்டால் புற்றுச் செல் தானாகச் சாகும் என்கிறார்களே?

தட்டில் வளரும் செல்லில் குர்குமினை ஊற்றினால் சாகும். தட்டில் எத்தனையோ பொருள்கள் செல்லைக் கொல்லும். சாப்பிட்ட குர்குமினில் மிகக் கொஞ்சமே இரத்தத்துக்கு வருகிறது. மீன் குழம்புக்கு மஞ்சள் போடுங்கள், மருந்துக்கு டாக்டரிடம் போங்கள்.

நாள் முழுக்க வெயிலில் கடலில் நிற்கிறோம். தோல் உரிவதும் இதுதானா?

ஆமாம், ஒரு பகுதி. புறஊதாக் கதிர் பட்டால் தோல் செல்லின் மேல் ஃபாஸ் ஏற்பிகள் லிகண்ட் இல்லாமலேயே கொத்தாகச் சேர்ந்துவிடும் என்று 1990-களின் கடைசியில் கண்டார்கள். டி.என்.ஏ கெட்டுப்போன செல் அப்படியே செத்து உரிந்துவிடுவது நல்லது. ஃபாஸ் லிகண்ட் இல்லாத எலிகளின் தோலில், கெட்டுப்போன செல்கள் சாகாமல் தங்கி, பி-53 மரபணுவில் பிழைகள் கூடியதை 1999-இல் காட்டினார்கள். பி-53 புற்றுநோயைத் தடுக்கும் மரபணு. உரிவதைத் தடுக்க எதையும் தேய்ப்பதைவிட, முதலிலேயே முண்டாசும் முழுக்கைச் சட்டையும்தான் உருப்படியான வழி. பாசி எடுக்கப் போகிற பெண்கள் சட்டை போட்டு, தலையில் துணி கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். அவர்களுக்கு யாரும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வைரஸ்கள் இதை ஏமாற்றுமா?

ஏமாற்றுவதில் அவற்றை மிஞ்ச ஆள் இல்லை. மாட்டம்மை வைரஸ் காஸ்பேஸை அடைக்கும் புரதத்தைத் தயாரிக்கும். சில ஹெர்பிஸ் வைரஸ்கள் ஃபிளிப்பின் நகலையே கையில் வைத்திருக்கின்றன. இறால் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய் தெரியும். 1990-களில் இந்தியக் கரைக்கு வந்து பண்ணைகளைக் காலி செய்தது. அந்த வைரஸிலும் காஸ்பேஸைத் தடுக்கும் புரதம் உண்டு. தான் பெருகி முடிக்கும்வரை செல் சாகக் கூடாது என்பதுதான் அதன் கணக்கு.

நம் கடலடிப் பார்களில் (பாறைத் திட்டுகளில்) உள்ள பவளத்துக்கு இதெல்லாம் உண்டா?

ஒரு மாணவன் கேட்டான். அவன் தாத்தா காலத்தில் இங்கே பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்க்கு அனுப்புவார்கள். கல் என்றுதானே எல்லோரும் நினைத்தார்கள்! அது உயிர், உள்ளே பாசியைக் குடிவைத்துச் சோறு வாங்கிச் சாப்பிடுகிற உயிர் என்று புரிந்து, 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றித் தேசியப் பூங்கா அறிவித்தார்கள்.

பவளத்துக்கு உண்டு. நம்மைவிட அதிகமாகவே உண்டு. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், அக்ரோபோரா டிஜிடிஃபெரா என்ற மான்கொம்புப் பவளத்தின் மரபணுத் தொகுப்பில் டி.என்.எஃப் ஏற்பிக் குடும்பத்தைச் சேர்ந்தவை 40 இருப்பதாகக் கண்டார்கள். அதுவரை ஆராய்ந்த எந்த உயிரிலும் அவ்வளவு இல்லை, மனிதரிலும்தான். அதோடு நிற்கவில்லை. மனித டி.என்.எஃப்-ஐப் பவளத்தின் மேல் விட்டார்கள். பவளச் செல்கள் அப்போப்டோசிஸில் செத்தன, பவளம் வெளுத்தது. திருப்பி, பவளத்தின் டி.என்.எஃப்-ஐ மனித டி செல்கள் மேல் விட்டார்கள், அவையும் செத்தன. நம் வம்சமும் பவளத்தின் வம்சமும் பிரிந்து 55 கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்னும் ஒன்றின் தட்டல் மற்றதன் கதவில் கேட்கிறது.

மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறிப் பெரிய அளவில் பவளம் வெளுத்தது. சூட்டில் உள்ளே இருக்கும் பாசி கோளாறாகி நச்சு ஆக்சிஜனை உமிழும்போது, பவளச் செல்லின் காஸ்பேஸ்கள் எழுகின்றன; பாசி குடியிருக்கும் செல் செத்து விழுவது வெளுப்பதற்கான வழிகளில் ஒன்று. காஸ்பேஸை அடைக்கும் மருந்தைக் கொடுத்த பவளங்கள் அதே சூட்டில் பிழைத்தன என்று 2011-இல் ஓர் ஆய்வு காட்டியது. கடலில் மருந்தைக் கொட்ட முடியாது, அது வேறு விஷயம். 2016-இல் இங்கே வேகமாக வளரும் கிளைப் பவளங்கள்தான் அதிகம் அடிவாங்கின. குண்டு குண்டாக, மெதுவாக வளரும் போரைட்டீஸ் பல இடங்களில் வெளுத்துவிட்டு மீண்டும் நிறம் பிடித்தது.

கேட்ட மாணவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ அந்த அண்ணனுக்குப் போட்ட ஊசியைப் பவளத்துக்குப் போட்டா வெளுக்காதா சார்?" என்றான். பின்வரிசையில் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஊசி மருந்து மனித டி.என்.எஃப்-ஐப் பிடிக்கத் தயாரித்தது, பவளத்தினுடையதைப் பிடிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது என்று சொன்னேன். பவளத்தின் டி.என்.எஃப் வடிவத்தை எடுத்து, எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு வா என்றும் சொன்னேன். அடுத்த வாரம் பார்த்துவிட்டு வந்தான், கையில் ஆறு பக்கம் படத்தோடு.